மொட்டை மாடியில் ஆட்டிய சிவப்புத் துண்டு

அப்பாவுக்கு டாட்டா காட்டுவது பிடிக்காது. புறப்படும்போது கையை ஆட்டிக்கொண்டே நின்றால் போகிறவருக்கும் கால் எழாது, நிற்கிறவருக்கும் மனசு கெட்டுப்போகும் என்பார். திண்டிவனத்துக்கு வெளியே, மயிலம் போகும் சாலையிலிருந்து பிரிகிற ஒரு கிளைப்பாதையில் இருந்த கன்னியர் விடுதியில் என்னை நான்காம் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தார். சேர்த்த அன்றே இதற்கு ஒரு மாற்று ஏற்பாடும் செய்துவிட்டுத்தான் ஊருக்குப் போனார்.

"நான் போவசொல்ல கை ஆட்டாத பாப்பா. வர்றசொல்ல ஆட்டு. மாடியில நின்னு நீ துண்ட ஆட்டினா, வான்னு அர்த்தம். நான் அங்கருந்து ஆட்டினா, தோ வந்துக்கினே இருக்கேன்னு அர்த்தம். சரியா?"

விடுதியின் மொட்டை மாடியில் நின்றால் மெயின் ரோட்டின் பஸ் நிறுத்தம் நேராகத் தெரியும். இரண்டுக்கும் நடுவே ஏரியின் உபரி நீர் போகிற ஓடையும் அதன்மேல் ஒரு தரைப்பாலமும். வருடத்தில் பத்து மாதம் அந்தப் பாலத்தில் ஆடுகள்தான் படுத்திருக்கும். ஓடையில் தண்ணீர் என்பது பெயருக்குத்தான்.

விடுதியில் கொடுத்த பட்டியலில் வெள்ளைத் துண்டு இரண்டு என்று தெளிவாக எழுதியிருந்தது. அப்பா விழுப்புரம் கடைத்தெருவில் சிவப்புத் துண்டு இரண்டு வாங்கினார். ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு. வெள்ளை தூரத்திலிருந்து தெரியாதாம். அந்தச் சிவப்பு முதல் துவையலிலேயே தன் வேலையைக் காட்டியது. ஒரே தொட்டியில் ஊறப்போட்டிருந்த அத்தனை பெண்களின் வெள்ளைப் பாவாடைகளும் ரோஸ் நிறமாகிவிட்டன. விடுதி சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, உங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியாதா என்று கேட்டார். அப்பா எட்டாவது வரை படித்தவர், வெள்ளைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் நன்றாகவே தெரியும் என்று சொன்னேன். முட்டி போட வைத்துவிட்டார். அதற்குப் பிறகு என் துண்டுக்கு மட்டும் தனி வாளி.

மாதத்தின் முதல் ஞாயிறு பெற்றோர் வருகிற நாள். காலைப் பூசை முடிந்ததும் நான் மாடிக்கு ஓடிவிடுவேன். அப்பா காணை என்ற ஊருக்குப் பக்கத்திலிருந்த எங்கள் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து விழுப்புரம் வந்து, அங்கிருந்து திண்டிவனம் வந்து, அப்புறம் டவுன் பஸ் ஏறி வரவேண்டும். ஒவ்வொரு பஸ்ஸும் நின்று புறப்படும்போது, யார் இறங்கியிருக்கிறார்கள் என்று கைப்பிடிச் சுவரில் எக்கிப் பார்ப்பேன். அவர் இறங்கியதும் நான் துண்டை ஆட்டுவேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, தோளிலிருந்து துண்டை உருவி, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிச் சுழற்றுவார். ரயிலை நிறுத்துகிறவர் மாதிரி அவ்வளவு மும்முரமாகச் சுழற்றுவார். பிறகு பையை எடுத்துக்கொண்டு தரைப்பாலத்தில் ஏறக்குறைய ஓடிவருவார்.

பையில் அம்மா வறுத்துக் கொடுத்த மல்லாட்டை இருக்கும், வேர்க்கடலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்; கேப்பை மாவில் செய்த அடை இருக்கும். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நான் தின்பதை அவர் பார்த்துக்கொண்டிருப்பார். அதிகம் பேசமாட்டார். நாலு மணிக்கு மணி அடித்ததும் எழுந்து, வலது கைக் கட்டைவிரலால் என் நெற்றியில் சிலுவை போடுவார். அப்புறம் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். நான் படுக்கைக்குப் போய் அழுவேன். மறுநாளிலிருந்து அடுத்த முதல் ஞாயிறை நினைக்கத் தொடங்குவேன். விடுதியில் நான் இருந்த காலம் முழுவதும் இந்த நினைப்பிலேயே போனது என்று சொன்னால் தப்பில்லை.

ஐந்தாம் வகுப்பில் கார்த்திகை மாதம் அந்த மழை வந்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் விடியும்போது ஏரி உடைந்துவிட்டது என்றார்கள். சாப்பாட்டுக் கூடத்துக்குள் தண்ணீர் வந்து, எங்கள் தட்டுகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு மிதந்தன. சிஸ்டர்கள் எங்களை எல்லாம் முதல் மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். கேஸ் அடுப்பும் அரிசி மூட்டையும் மேலே வந்தன. விடிந்த கொஞ்ச நேரத்தில் தீயணைப்புக்காரர்கள் இரண்டு பேர் பின்பக்க வயல் வழியாகக் கயிறு பிடித்து நீந்திவந்தார்கள். எங்களை வரிசையாக நிற்கவைத்து எண்ணினார்கள். எல்லாரும் பத்திரம், மத்தியானத்துக்கு மேல் படகு வரும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

உண்மையைச் சொல்லவேண்டும். எங்களுக்குப் பயமே இல்லை. பள்ளிக்கூடம் இல்லை, வீட்டுப்பாடம் இல்லை. கிறிஸ்துமஸுக்கு என்று பூட்டி வைத்திருந்த பிஸ்கட் டின்னைச் சிஸ்டர் தன் கையாலேயே உடைத்தார். சுடச்சுட ரவை உப்புமா கிடைத்தது. அப்படியொரு நாள் விடுதி வாழ்க்கையில் முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. எனக்கு ஒரே ஒரு குறைதான். இவ்வளவு நடக்கும்போது அப்பா பக்கத்தில் இல்லையே என்பது.

பத்து மணிவாக்கில் மழை கொஞ்சம் விட்டது. நாங்கள் சிலர் சிஸ்டர் கண்ணில் படாமல் மொட்டை மாடிக்கு ஏறினோம். எங்கள் பக்கத்து வயல், பாதை, ஓடை எல்லாம் ஒரே செம்மண் தண்ணீர். தரைப்பாலம் இருந்த இடத்தில் தண்ணீர் மேடு தட்டி உருண்டு போனது. அதற்கு அந்தப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து பாலம் வரை ஒரே கூட்டம். குடை, சாக்கு, பிளாஸ்டிக் பை என்று கிடைத்ததைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்கள். எங்கள் பெற்றோர்கள்தான். கூட்டத்துக்கு முன்னால் ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்குப் பக்கத்தில் காக்கிச் சட்டைகளும் ஒரு ஜீப்பும்.

நான் சிவப்பைத் தேடினேன். இருந்தது. கயிற்றை ஒட்டி, தலையில் சிவப்புத் துண்டு போட்ட ஒருவர் நின்றிருந்தார். அவ்வளவு தூரத்தில் முகம் தெரியவில்லை. எனக்கு முகம் வேண்டியிருக்கவும் இல்லை. கீழே ஓடிப்போய் என் துண்டை எடுத்துவந்து, கைப்பிடிச் சுவரில் ஏறாத குறையாக நின்று ஆட்டினேன். அந்தச் சிவப்பும் தலையிலிருந்து மேலே எழுந்து சுழன்றது.

நான் இன்னும் பலமாக ஆட்டினேன். என்னைப் பார்த்து மற்ற பெண்களும் ஆட்டத் தொடங்கினார்கள். துண்டு, தாவணி, அந்த ரோஸ் பாவாடைகள், கையில் அகப்பட்டதையெல்லாம் ஆட்டினோம். வா, வா, வா என்று கத்தினேன். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் பக்கத்தில் நின்றவளுக்கே கேட்டிருக்காது.

கூட்டம் அசைந்தது. கயிறு வளைந்தது. சிவப்புத் துண்டு கயிற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததைப் பார்த்தேன். பிறகு காக்கிக் கைகள் மேலேயும் கீழேயும் போய்வந்தன. நெல் அடிக்கிற மாதிரி இருந்தது. சத்தம் இல்லாமல் பார்த்தால் எல்லாமே விளையாட்டு மாதிரிதான் இருக்கிறது. கூட்டம் மெயின் ரோட்டை நோக்கிக் கலைந்து ஓடியது. சிவப்பாக ஒன்று தண்ணீரில் விழுந்து, சுற்றிச் சுற்றிப் போய் ஒரு கருவேல முள்ளில் மாட்டி, அப்புறம் அதையும் விட்டுவிட்டுப் போனது. அதற்குள் சிஸ்டர் மேலே வந்து எங்கள் காதைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்.

மத்தியானம் சொன்னபடி படகு வந்தது. பத்துப் பத்துப் பேராக அக்கரையில் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கே ஒருவரும் இல்லை. ரோடு முழுக்கச் செருப்புகள் கிடந்தன. கோயில் வாசலில் விட்டது போல, ஆண் செருப்பு, பெண் செருப்பு, ஒற்றையும் ஜோடியுமாகக் கிடந்தன. எல்லாரும் வெறுங்காலோடு எங்கே போனார்கள் என்று தோழியிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. ஓரிடத்தில் வறுத்த மல்லாட்டை சேற்றில் மிதிபட்டுச் சிதறியிருந்தது. இவ்வளவு மல்லாட்டையை யார் இப்படி வீணாக்கினார்கள் என்று நினைத்தேன். பசிக்கவும் செய்தது.

திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பெற்றோர்களை உட்கார வைத்திருந்தார்கள். பெண்கள் அப்பா, அப்பா என்று ஓடினார்கள். அப்பாக்கள் தூக்கிக்கொண்டார்கள். என்னை அம்மா வந்து கட்டிக்கொண்டாள். அவள் சேலை இடுப்புக்குக் கீழே கிழிந்து, முடிச்சுப் போட்டிருந்தது. அம்மாவைப் பார்த்த சந்தோஷத்தைவிட, அவளுக்குப் பின்னால் யாரும் வரவில்லையே என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

"அப்பா எங்க?"

"அப்பாக்கு ஜுரம். வூட்ல படுத்துக்கினு இருக்காரு."

"பொய். நான் பாத்தேன். துண்டு ஆட்டினாரு."

அம்மா என் தலையைத் துவட்டிக்கொண்டே, "அது வேற யாரோ. சிவப்புத் துண்டு ஒலகத்துல உங்கப்பாகிட்ட மட்டுந்தான் இருக்குதா?" என்றாள்.

வீட்டில் அப்பா படுத்திருந்தார். வலது தோளிலிருந்து மணிக்கட்டு வரை மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. வீடு முழுக்கப் பச்சிலை எண்ணெய் வாடை. மழையில் வரப்பில் வழுக்கி விழுந்ததில்தான் ஜுரமாம். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றார்.

"நீ வந்தியாப்பா? நான் ஆட்டினேனே, பாத்தியா?"

அவர் அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி ஒன்று செய்தார். "நான் எங்க வந்தேன்? கழனியில விழுந்து கெடந்தேன் பாப்பா. நீ வேற யாரையோ பாத்திருப்ப."

நான் நம்பினேன். அப்பா சொன்னால் நம்பாமல் என்ன செய்வது. அந்த நம்பிக்கையோடு ஒரு கசப்பும் என்னோடு விடுதிக்குத் திரும்பி வந்தது. எல்லா அப்பாக்களும் மழையில் நனைந்துகொண்டு வந்து நின்றார்கள். என் அப்பா வரவில்லை. நான் யாரோ ஒரு பெண்ணின் அப்பாவைப் பார்த்துத் துண்டு ஆட்டியிருக்கிறேன். அவர் பதிலுக்கு ஆட்டியது தன் பெண்ணைப் பார்த்து. இதை நினைத்து நான் எத்தனை இரவு விசும்பியிருப்பேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

தை மாத முதல் ஞாயிறு அப்பா வந்தார். நான் மாடியிலிருந்து துண்டை ஆட்டினேன். அவர் இடது கையில் பையோடு நின்றார். கட்டுப் பிரித்தாகிவிட்டது, கை சரியாகிவிட்டது என்று அம்மா சொல்லியிருந்தாள். ஆனால் வலது கை வேட்டி மடிப்புக்குள் இருந்தது. தோளில் துண்டு இல்லை. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். துண்டு எங்கே என்று கேட்டதற்குக் கிழிந்துவிட்டது என்றார். வேறு வாங்கக்கூடாதா என்றதற்கு, வாங்கலாம் என்றார். வாங்கவில்லை. மாசியிலும் ஆட்டினேன், பங்குனியிலும் ஆட்டினேன். அவர் கை எழவே இல்லை. அதன்பின் நானும் ஆட்டுவதை நிறுத்திவிட்டேன். அவராக வந்து சேரட்டும் என்று கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து, ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த வயதில் கோபத்தைக் காட்ட எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

நெற்றியில் சிலுவை போடுவதை மட்டும் அவர் விடவில்லை. குனிந்து போடுவார். நான் வளர வளர, "கொஞ்சம் உக்காரு பாப்பா" என்பார். பன்னிரண்டாம் வகுப்பில் நான் அவரைவிட உயரம். ஒருநாள் கல்லூரி விஷயமாக ஏதோ வாக்குவாதம் வந்தது. சென்னைக்கு அனுப்பமாட்டேன், தூரத்தில் உனக்கு ஒன்று ஆனால் யார் வருவது என்றார். நான் சட்டென்று சொல்லிவிட்டேன்.

"பக்கத்துல இருந்தப்ப மட்டும் வந்தியா? அந்த வெள்ளத்துல எல்லார் அப்பாவும் வந்தாங்க. நீ வர்ல."

அப்பா வாய்க்குக் கொண்டுபோன கையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். அவர் இடது கையால் சாப்பிடப் பழகி அப்போது பல வருடம் ஆகியிருந்தது. "ஆமா பாப்பா" என்றார். "வந்திருக்கணும்."

அடுத்த மாதமே சென்னைக் கல்லூரியில் பணம் கட்டிச் சேர்த்துவிட்டார்.

போன வருடம் அப்பா இறந்துபோனார். முப்பதாம் நாள் பூசை முடிந்து, அவருடைய துணிகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நானும் அம்மாவும் டிரங்குப் பெட்டியைத் திறந்து பிரித்துக்கொண்டிருந்தோம். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"அந்தச் சிவப்புத் துண்டு கிழிஞ்சிடுச்சின்னாரே, கிழிஞ்சதாவது இருக்காம்மா?" என்று கேட்டேன்.

அம்மா ஒரு வேட்டியை மடித்துக்கொண்டிருந்தாள். "அது அன்னைக்கே தண்ணியோட போயிடுச்சே" என்றாள். சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டிருக்கவேண்டும். மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"எந்தத் தண்ணியோட?"

அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. ஏரி உடையப்போகிறது என்று முதல் நாள் மாலையே செய்தி கேட்டு, இரவெல்லாம் நடந்தும் லாரி ஏறியும் இரண்டு பேரும் விடிவதற்குள் அங்கே வந்து சேர்ந்துவிட்டார்கள். செல்போன் டவர் எல்லாம் போயிருந்தது. விடுதிச் சுவர் இடிந்துவிட்டது என்று ஒருவர் சொன்னார். நாலு பிள்ளைகள் போய்விட்டார்களாம் என்று இன்னொருவர் சொன்னார். போலீஸ்காரர்களிடம் கேட்டால், "தள்ளி நில்லு, மேல இருந்து ஆர்டர்" என்பதுதான் பதில். அம்மாக்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அப்பா அழவில்லை. தண்ணீர் வடிந்துவிடும், படகு வரும் என்று மற்றவர்களைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாராம்.

"நீ துண்டு ஆட்டுற வரைக்கும் கயித்த தொடக்கூட இல்ல அவரு" என்றாள் அம்மா. "நீ ஆட்டினத பாத்தாரு. அவரும் ஆட்டினாரு. அப்பறம் எல்லா புள்ளைங்களும் ஆட்டுதுங்க. 'வரச் சொல்லுது, புள்ள வரச் சொல்லுது'ன்னாரு. 'சார், எம் பொண்ணு தோ தெரியுது சார், பத்து நிமிசத்துல தூக்கிக்கினு வந்துடுறேன் சார்'னு கெஞ்சினாரு. கயித்த தூக்கிக்கினு உள்ள போயிட்டாரு. அவரு பின்னாலயே எல்லாரும்."

முதல் அடி, துண்டைப் பிடித்து மேலே தூக்கியிருந்த கையில் விழுந்தது. கை தொங்கிவிட்டது. விழுந்தவர் எழுவதற்குள் தோளில் இன்னொன்று, முதுகில் ஒன்று. அம்மா மேலே விழுந்து மறைத்ததில் சேலை கிழிந்தது. கையில் இருந்த பை எங்கே போனது என்று யார் பார்த்தார்கள். சுற்றிலும் எல்லாருக்கும் அடி. பெரியாஸ்பத்திரிக்குப் போனால் யார் அடித்தது, எங்கே அடித்தது என்று எழுதுவார்கள், அது கேசாகும் என்று பயந்துகொண்டு, அம்மா எனக்காக நின்றுவிட, ஊர்க்காரர் ஒருவர் துணையோடு அப்பா காணைப் பக்கத்தில் எலும்பு கட்டுகிறவரிடம் போனார். வரப்பில் வழுக்கியது என்ற பொய் முதலில் அந்த எலும்பு கட்டுகிறவருக்காகத்தான் தயாரானது. எனக்குச் சொன்னது அதன் மறுபதிப்பு. எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. அந்தக் கை அதன்பின் மார்புக்கு மேலே எழவில்லை.

அன்று மத்தியானம் தரைப்பாலத்தில் பாதியைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது உண்மை. போயிருந்தால் அப்பா எங்களுக்கு இல்லை. அவர்கள் தடுத்தது சரிதான் என்று அப்பாவே பிற்பாடு சொல்லுவாராம். அம்மா ஒத்துக்கொள்ளமாட்டாள்.

"தடுக்கறதுக்குக் கயிறு இருந்துது, கை இருந்துது. கீழ வுயுந்தவர எதுக்குடி அடிக்கணும்?"

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். காலையிலேயே எங்களை எண்ணிவிட்டுப் போனார்கள். எல்லாரும் பத்திரம் என்ற செய்தி அந்த ஜீப்பின் வயர்லெஸ்ஸுக்கு வராமல் இருந்திருக்காது. உப்புமா தின்றுகொண்டிருக்கிறார்கள் என்று ஒரு போலீஸ்காரர் அந்தக் கூட்டத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால், லத்தியை யாரும் தூக்கவேண்டிய தேவையே வந்திருக்காது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல? வர்லன்னு அவர எவ்ளோ பேசியிருக்கேன்."

"நான் சொல்றேன்னுதான் சொன்னேன். அவரு உடல." அம்மா வேட்டியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எடது கையாலயாவது துண்ட ஆட்டேன், புள்ள ஏங்கிப் போவுதுன்னேன். வலது கை இன்னும் ஏன் எழலன்னு கேக்கும்னாரு. அப்பறம் சொன்னாரு, 'அது கூப்டுச்சின்னுதான் நான் போய் அடிபட்டேன்னு தெரிஞ்சிதுன்னு வை, ஜென்மத்துக்கும் அது யாரையும் வான்னு கூப்டாது. நான் வர்லன்னே நெனச்சிக்கட்டும்.'"

எனக்கு அழுகைகூட உடனே வரவில்லை. கைப்பிடிச் சுவரின் ஓட்டைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. நான் துண்டு ஆட்டுவதை நிறுத்திய பிறகு வந்த ஞாயிறுகள் எல்லாம் ஒரே மாதிரிதான். பஸ் போனதும் அப்பா ரோட்டோரம் தனியாக நிற்பார். இடது கையில் பை இருக்கும். உடனே நடக்கமாட்டார். மாடியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நிற்பார். நான் சுவருக்குப் பின்னால் துண்டை மடியில் வைத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருப்பேன். பை கனமாக இருக்கிறது போலிருக்கிறது, மூச்சு வாங்கிவிட்டு வருகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.